பிரேக்கை அழுத்தினால் இடதுபுறப் பின்விளக்கு மங்குவது ஏன்?

கேள்வி:
வணக்கம். என் காரில் பிரேக்கை அழுத்தும்போது இடதுபுறப் பின்விளக்கு மங்குவதோடு, இண்டிகேட்டரும் சேர்ந்து லேசாக ஒளிர்கிறது. ஃபியூஸ் நன்றாக உள்ளது. புதிய பல்பு போட்டும் பயனில்லை. இதை வீட்டிலேயே சரிசெய்ய இயலுமா?

மறுமொழி 1:
இயலும். தொடர்பில்லாத விளக்குகள் சேர்ந்து ஒளிர்வது பெரும்பாலும் எர்த் இணைப்புப் (மின்சாரம் கார் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) பழுதின் அடையாளம். அந்தப் பக்கத்து விளக்குகளுக்குப் பொதுவான எர்த் துருப்பிடித்துவிட்டால், மின்சாரம் திரும்ப வழியின்றி மற்ற பல்புகளின் இழைகள் வழியே பாய்கிறது. பல்பு ஹோல்டரின் எர்த் முனையிலிருந்து பெயின்ட் இல்லாத பாடி உலோகத்திற்குத் தற்காலிகமாக ஓர் ஒயரை இணைத்துப் பாருங்கள். விளக்கு சரியாக எரிந்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, எர்த் ஒயர் பாடியில் திருகப்பட்டுள்ள இடத்தை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து இறுக்குங்கள்.

மறுமொழி 2:
புதிய பல்பையும் ஒருமுறை பாருங்கள். பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே பல்பாக இருந்தால், அது 21/5 வாட் இரட்டை இழைப் பல்பாக இருக்க வேண்டும். அதன் பக்கவாட்டு முளைகள் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். ஒற்றை இழைப் பல்பை வலிந்து பொருத்தினாலும் இத்தகைய குழப்பம் நேரும்.

மறுமொழி 3:
ஹோல்டரின் பிளாஸ்டிக் உருகியிருந்தால் தேய்ப்பது வீண் வேலை, ஹோல்டரையே மாற்றிவிடுங்கள்.