சிங்களத்தில் மட்டும் வந்த கடிதம்: கையெழுத்து வைக்கலாமா?

கொழுந்துமடுவம்:
நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றில் இருக்கும் குடும்பத்துக்கு அரச அலுவலகமொன்றிலிருந்து காணி சம்பந்தமான கடிதம் வந்திருக்கிறது. முழுக்கச் சிங்களம். ஆட்சேபம் இருந்தால் 14 நாளுக்குள் சொல்ல வேண்டுமாம். நேரில் போய்க் கேட்டால், "தமிழ் தெரிந்தவர் லீவு, சும்மா கையெழுத்தை வைங்க" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

மலைமுகடு:
நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக (சிங்களம், தமிழ் இரண்டும் நிருவாக மொழி) வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கோப்புக்கட்டு:
வர்த்தமானி சரிதான், ஆனால் வாதத்தை அதில் தொடங்காதீர்கள். அலுவலகம் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அங்கேயே பேச்சு நின்றுவிடும். அரசியலமைப்பின் 22(2)ஆம் உறுப்புரைக்கு இருமொழிப் பிரகடனம் தேவையில்லை. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள எந்தப் பகுதியிலும் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும், உங்களுக்கென வழங்கப்படும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறவும் அது உரிமை தருகிறது. கேகாலைத் தோட்டத்துக்கும் இதே உறுப்புரைதான்.

வாய்ப்பேச்சில் விட்டால் திகதியே இருக்காது. இன்றே தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: சிங்களக் கடிதத்தின் கோவை இலக்கம், அதன் திகதி, உங்கள் கைக்குக் கிடைத்த திகதி, 22(2)இன் கீழ் மொழிபெயர்ப்புக் கோரிக்கை, அது கிடைத்த நாளிலிருந்து 14 நாளைக் கணக்கிட வேண்டும் என்ற கோரிக்கை. அலுவலகம் கால நீடிப்பு தராமலும் போகலாம். ஆகவே, "மொழிபெயர்ப்பு கிடைத்ததும் விபரம் தருவேன், இப்போதைக்கு ஆட்சேபிக்கிறேன்" என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். இதை விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது. பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு குத்தி வையுங்கள்.

தோட்டத்துக்கு வரும் தபால் கந்தோர் மேசையிலேயே பல நாள் கிடக்கும். அதனால் தபால் முத்திரை குத்திய உறையை வீசிவிட வேண்டாம்.

கையெழுத்து வைத்தே ஆகவேண்டுமென்றால், அதற்கு மேலே "மொழி விளங்காத நிலையில் கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்துக்குச் சம்மதமில்லை" என்று தமிழில் எழுதிவிட்டு வையுங்கள்.

கொழுந்துமடுவம்:
பதிலே வராவிட்டால்?

சட்டப்பிரதி:
மொழி உரிமை மீறலுக்கு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் (1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம்) எழுத்தில் முறையிடலாம். ஆனால் அங்கே காத்திருக்கும்போதே மற்றக் கதவு மூடிவிடும். அடிப்படை உரிமையோ மொழி உரிமையோ மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. வெறும் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு போதாது, விசாரணை நடப்பதைக் காட்ட வேண்டும் என்று தீர்ப்புகள் உண்டு. ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி, விசாரணைக்கு அழைக்கும் கடிதங்களையும் சேர்த்து வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு பார்ப்பது அடிப்படை உரிமைகளை. அதனால் மொழி காரணமாகப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கும் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரையைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

மலைமுகடு:
கோவையில் என்ன இருக்கிறதென்றே தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் பிரதி கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தீர்மானத்தைச் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்லச் சொன்னால் சொல்லத் தேவையில்லை.