கார் லைசென்ஸ் இருக்கு, பஸ் டிரைவர் ஆகணும்: எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

சேலத்துப் பையன் (கேள்வி)

வணக்கம். வயசு 22, பிளஸ் டூ முடிச்சாச்சு. கார் லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருஷம் ஆகுது. பஸ் ஓட்டுறதையே தொழிலா எடுத்துக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். ஹெவி லைசென்ஸுக்கு இப்பவே போகலாமா? அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஆள் எடுக்கும்போது என்னென்ன கேட்பாங்க? காரிலிருந்து பஸ்ஸுக்கு மாறுறவங்க எங்கே தடுமாறுவாங்க, அதுக்கு என்ன பழகணும்? கண்ணாடி போடுவேன், அது தடையா என்பதையும் சொல்லுங்க.

டிப்போ வாசல்

தாராளமா இப்பவே போகலாம் தம்பி. டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு, அதாவது பஸ், லாரி மாதிரி தொழிலுக்கு ஓடுற வண்டிக்கு, 20 வயசு ஆகியிருக்கணும். அதுக்கு எல்.எல்.ஆர் (பழகுநர் உரிமம்) போட, கார் லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருஷமாவது ஆகியிருக்கணும். ரெண்டும் உங்களுக்குச் சரியா இருக்கு. முன்னாடி எட்டாம் வகுப்பு பாஸ்னு ஒரு நிபந்தனை இருந்துச்சு, 2019-ல் அதை எடுத்துட்டாங்க.

பரிவாகன் தளத்தில் சாரதி பக்கத்தில் விண்ணப்பம் போடணும். டாக்டர்கிட்ட படிவம் 1ஏ வாங்கணும். அதில் பார்வை, சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியுதா, மாலைக்கண் இருக்கா, காது கேட்குதா, எல்லாம் வரும். கண்ணாடி போட்டுப் பார்வை சரியா இருந்தா தடை கிடையாது. நிறக்குருடு இருந்தாதான் சிக்கல். அதனால ஸ்கூலுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கண் டாக்டர்கிட்ட நிறப் பரிசோதனையை முடிச்சிடுங்க. எல்.எல்.ஆர் ஆறு மாசம் செல்லும், 30 நாள் கழிச்சு டெஸ்டுக்குப் போகலாம். அங்கீகாரம் உள்ள டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5 கட்டாயம். அதனால ஸ்கூலுக்கு ஹெவி வண்டி கத்துத்தர அனுமதி இருக்கான்னு முதல்லயே கேட்டுக்குங்க.

கார்டு வந்ததும் அதில் ரெண்டு தேதி இருக்கும். நான்-டிரான்ஸ்போர்ட் தேதி தூரத்தில் இருக்கும், டிரான்ஸ்போர்ட் தேதி அஞ்சு வருஷம்தான். தூரத்துத் தேதியைப் பார்த்துட்டு நிம்மதியா இருந்து ஹெவியைக் காலாவதி ஆக விட்டவங்க நிறைய பேர். அந்த இடைவெளியில் வண்டி எடுத்தா லைசென்ஸ் இல்லாம ஓட்டின கணக்கு. விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல கேட்பதும் அதைத்தான். தேதி முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே புதுப்பிக்க வழி உண்டு. முடிஞ்சு ஒரு வருஷம் தாண்டினா திரும்பவும் டெஸ்ட்.

அரசு வேலை பத்தி. 2025 மார்ச்சில் டிரைவர்-கம்-கண்டக்டர் 3,274 பேருக்கு அறிவிப்பு வந்துச்சு. அதில் கேட்டது: பத்தாம் வகுப்பு பாஸ், ஹெவி லைசென்ஸ், 18 மாசம் ஓட்டின அனுபவம், பேட்ஜ் (பயணிகள் வண்டி ஓட்ட ஆர்.டி.ஓ தரும் வில்லை), கண்டக்டர் லைசென்ஸ், முதலுதவிச் சான்றிதழ், உயரம் 160 செ.மீ., எடை 50 கிலோ, வயசு குறைஞ்சது 24. எழுத்துத் தேர்வும் உண்டு, வண்டி ஓட்டிக் காட்டணும், நேர்காணலும் இருக்கு. உங்களுக்கு 24 ஆக இன்னும் ரெண்டு வருஷம். இந்த ஆறு மாசத்துக்குள்ள ஹெவி எடுத்துட்டு, அதிலிருந்து விடாம ஓட்டினா 18 மாசம் சரியா நிறையும்.

கண்டக்டர் லைசென்ஸையும் பேட்ஜையும் அறிவிப்பு வந்தப்புறம் பார்த்துக்கலாம்னு விடாதீங்க. முதலுதவி வகுப்பு முடிக்கணும், மெடிக்கல் வாங்கணும், ஆர்.டி.ஓ ஆபீஸில் தேதி கிடைக்கணும். விண்ணப்ப அவகாசத்துக்குள்ள இது முடியாது.

ஏர் பிரேக்

ஓட்டுறது பத்தி நான் சொல்றேன். கியரும் ஸ்டீயரிங்கும் ஒரு வாரத்தில் பழகிடும். ஆள் தடுமாறுறது மூணு விஷயத்தில்: வண்டியோட பின்பக்கம், காத்து, நின்னுட்டு வர்ற பயணிகள்.

பின்பக்கம். காரில் முன்சக்கரம் உங்க காலுக்கு முன்னாடி இருக்கும். பஸ்ஸில் அது உங்களுக்குப் பின்னாடி. அதனால காரில் திருப்புற இடத்தில் திருப்பினா இடதுபக்கம் மேடையில் ஏறிடும். உங்க சீட் திருப்பத்தைத் தாண்டின பிறகுதான் ஸ்டீயரிங் ஒடிக்கணும். மொபசல் பஸ்ஸில் (ஊர் விட்டு ஊர் போற பஸ்) பரவலா இருக்கும் 222 இன்ச் வீல்பேஸ்னா ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் சுமார் 5.6 மீட்டர். பின்சக்கரத்துக்குப் பின்னாடி இன்னும் மூணு மீட்டர் வரைக்கும் பாடி தொங்கும். ஸ்டாப்பிலிருந்து கிளம்பும்போது ஸ்டீயரிங்கை வலதுபக்கம் முழுசா ஒடிச்சா, அந்த மூணு மீட்டரும் இடதுபக்கம் வீசும். அங்கே நிக்கிறது இப்பத்தான் இறங்கின ஆள். நேரா ஒரு அஞ்சாறு அடி உருட்டிட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஒடிக்கணும். இடதுபக்கம் திரும்பும்போது இதுக்கு நேர்மாறு: பின்சக்கரம் உள்ளே வெட்டும், அந்த இடைவெளியில் டூவீலர் நுழைஞ்சிருப்பான். இடது கண்ணாடியைத் திருப்பம் முடியிற வரைக்கும் விடக்கூடாது.

காத்து. பஸ் பிரேக் காத்தழுத்தத்தில் வேலை செய்யுது, அதனால ஸ்டார்ட் பண்ணினதும் கிளம்பக்கூடாது. பெரும்பாலான வண்டிகளில் காத்தழுத்தம் காட்டுற கேஜ் 7, 8-க்கு ஏறணும். சுமார் 5-க்குக் கீழே பஸ்ஸர் கத்தும். அப்படிக் கத்தும்போது வண்டியை நகர்த்துறது பெரிய தப்பு. காத்து இன்னும் இறங்கினா ஸ்பிரிங் பிரேக் தானா பிடிச்சுடும், வண்டி நடுரோட்டில் நிக்கும். காரில் மாதிரி பெடலைத் தட்டித் தட்டி மிதிக்கிற பழக்கத்தை இன்னைக்கே விடுங்க. ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் காத்து வெளியே போகும், கம்ப்ரஸர் நிரப்புறதுக்குள்ள அடுத்த மிதி வந்துடும். ஒரே அழுத்தமா மிதிச்சு, வேகம் குறையக் குறைய விடணும். காத்து பைப் வழியா சக்கரத்துப் பக்கம் இருக்கிற பிரேக் சேம்பருக்குப் போக ஒரு நொடிக்கும் குறைவா கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள வண்டி சில மீட்டர் போயிருக்கும், முன் வண்டியோட இடைவெளியில் அதையும் சேர்த்துக்குங்க. ஏர் டேங்க்கில் சேரும் தண்ணியைத் தினமும் வடிக்கணும். விட்டா வால்வு துருப்பிடிச்சு பிரேக் ஒரு பக்கமா இழுக்கும்.

நின்னுட்டு வர்றவங்க. வண்டி நிக்கிறதுக்குக் கடைசி ஒரு மீட்டரில் பெடலை லேசா விட்டா குலுக்கல் இல்லாம நிக்கும். இதைப் பழகாதவன் எத்தனை வருஷம் ஓட்டினாலும் பஸ் டிரைவர் இல்லைன்னுதான் நான் சொல்வேன். மடியில் குழந்தையோட உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

மலைப்பாதை ரொம்ப சீக்கிரம் வேண்டாம். வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்கணும், எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை போற வழியை அடைச்சு இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கிறது) போட்டு வச்சுக்கணும். பெடலையே நம்பி இறங்கினா பிரேக் லைனர் சூடேறி, கருகின வாசனை வரும். அதுக்கப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது. வாசனை வந்ததுமே ஓரம்கட்டி ஆறவிடணும். டீசல் மிச்சம்னு நியூட்ரலில் இறக்குறவங்களோட பேச்சைக் கேட்காதீங்க. இறங்குற வண்டி ஏறுற வண்டிக்கு வழிவிடணும், அது சட்டம்.

சேலத்துப் பையன்

ரொம்ப நன்றி அண்ணா. 24 வரைக்கும் எங்கே ஓட்டுறது நல்லது? லாரியா, தனியார் பஸ்ஸா, காலேஜ் பஸ்ஸா? ஹெவி கைக்கு வர்ற வரைக்கும் சும்மா இருக்கணுமா?

நாமக்கல் லோடு

சும்மா இருக்க வேண்டாம். 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட டிரான்ஸ்போர்ட் வண்டியை கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம். வயசும் உங்களுக்கு ஆயிடுச்சு. சின்ன லோடு வண்டியில் இப்பவே ஏறலாம். ஆனா இது ஹெவி அனுபவத்தில் சேராது, கை பழக மட்டும்தான்.

ஹெவி வந்ததும் லாரிக்குப் போனா கியரும் இரவு ஓட்டமும் நல்லா வரும். ஆனா லோடு லாரியில் பழகினவன் பஸ்ஸுக்கு வந்தா குலுக்கி எடுப்பான், ஏன்னா சரக்கு சத்தம் போடாது. அதனால சில மாசம் லாரி, மீதி பஸ் என்பது என் கருத்து. முறையா பயிற்சி வேணும்னா நாமக்கல்லில் அசோக் லேலண்ட் டிரைவர் பயிற்சி மையம் இருக்கு, அரசுப் பக்கம் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தோட பயிற்சி கும்மிடிப்பூண்டியில்.

தனியார் மொபசலில் தொழில் வேகமா கத்துக்கலாம். சிக்கல் டைமிங். பர்மிட்டில் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் நிமிஷம் போட்டிருக்கும். முன் வண்டி உங்க நிமிஷத்தைத் தின்னுட்டா ஓனர் உங்களை விரட்டுவார். ஸ்பீடு கவர்னர் 80-ல் கட்டியிருந்தாலும் விபத்து பெரும்பாலும் ஊருக்குள்ள 40, 50-ல் ஓவர்டேக் பண்ணும்போதுதான். சேர்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: பி.எஃப், இ.எஸ்.ஐ உண்டா, வண்டிக்கு எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) இன்சூரன்ஸும் இருக்கா, விலகும்போது லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்றிதழ் தருவீங்களா. பேட்டாவை மட்டும் கையில் வாங்கிட்டு ரெக்கார்டே இல்லாம ஓட்டினா, நீங்க ஓட்டின 18 மாசத்தை நிரூபிக்க ஒரு காகிதமும் இருக்காது.

காலேஜ் பஸ்ஸில் காலையும் மாலையும்தான் ஓட்டம். நடுவில் கிடைக்கும் நேரத்தில் எழுத்துத் தேர்வுக்குப் படிக்கலாம்.

டிப்போ வாசல்

ரெண்டு விஷயம் சேர்த்துக்கிறேன். பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டிகளில் பலதில் ஆட்புளூன்னு புகையைச் சுத்தம் பண்ணுற திரவம் ஊத்தணும். விளக்கு எரியும்போதே ஊத்தலைன்னா இன்ஜினே பவரைக் குறைச்சுடும், ஏத்தத்தில் மாட்டிக்குவீங்க. டர்போ வண்டியை நிறுத்தினதும் சாவியைத் திருப்பிடாதீங்க, ரெண்டு நிமிஷம் ஐடிலில் விடுங்க. இல்லைன்னா சுத்திக்கிட்டிருக்கிற டர்போவுக்கு ஆயில் நின்னு பேரிங் போயிடும். கிளட்ச் மேல கால் வச்சுக்கிட்டே ஓட்டுற பழக்கமும் கூடாது. கிளட்ச் பிளேட் தேயும், கே.எம்.பி.எல் (லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்) இறங்கும். கே.எம்.பி.எல்லை டிப்போவில் டிரைவர் வாரியா எழுதி வைப்பாங்க.

அப்புறம், சென்னையில் 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ் ஓட ஆரம்பிச்சுது. அதில் கண்டக்டர் எம்.டி.சி (மாநகரப் போக்குவரத்துக் கழகம்) ஆள், டிரைவர் ஒப்பந்த நிறுவனத்து ஆள். 24 ஆகிறதுக்கு முன்னாடி அந்த மாதிரி நிறுவனங்களில் ஹெவி டிரைவருக்கு இடம் வந்தா விண்ணப்பிச்சுப் பாருங்க. ஆனா அதை அரசு வேலைன்னு சொல்லி யாராவது பணம் கேட்டா கொடுக்காதீங்க.