தொடக்கப்பள்ளியில் தோட்டம்: எதில் தொடங்கலாம்?

செவக்காட்டு டீச்சர்:
வணக்கம். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 34 பிள்ளைகள். சமையலறைக்குப் பின்னால் ரெண்டு சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. ஜூனில் பள்ளி திறந்ததும் காய்கறி போடலாம் என்று யோசனை. சத்துணவு சாம்பாரில் கீரை வந்தால் தட்டோரம் ஒதுக்கிவிடுகிறார்கள், அதற்கும் ஒரு வழி பிறக்குமா என்று பார்க்கிறேன். ஆனால் பாடம் நடத்தவே நேரம் போதவில்லை. எதில் தொடங்கலாம்?

பழைய வாத்தியார்:
மா, நெல்லி என்று ஆரம்பிக்காதீர்கள் டீச்சர். அது காய்ப்பதற்குள் நட்ட பிள்ளை காலேஜுக்கே போய்விடும். சிறுகீரை தூவுங்கள், 25 நாளில் பிடுங்கலாம். ஒன்றாம் வகுப்புக்கு அதற்கு மேல் பொறுமை கிடையாது. விதை கடுகைவிடப் பொடிசு, மணலோடு கலந்து தூவினால்தான் பரவலாக விழும். எறும்பு இழுக்கும். பாத்தி ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய் போட்டுவிட்டால் அது அந்தப் பக்கம் போய்விடும்.

கூடவே வெண்டை. கணக்குப் பாடம் இதில்தான் இருக்கிறது. வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30. பெரிய ஸ்கேலால் அளந்தால் ஒரு பக்கம் ஒன்றரை ஸ்கேல், மறுபக்கம் ஒரு ஸ்கேல். நாலாம் வகுப்புக்கு ஒன்றரையை நான் கரும்பலகையில் நடத்தியதே இல்லை. தனியாகத் தோட்ட பீரியடு தேட வேண்டாம், கணக்கு பீரியடைத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள்.

காய்க்கத் தொடங்கினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பறித்தே ஆக வேண்டும். விட்டால் திங்கட்கிழமை நார் ஏறியிருக்கும். நுனியை ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், இளசு ‘டக்’கென்று ஒடியும், முற்றல் வளையும். அந்த முற்றலையும் எறியாதீர்கள். காயவைத்து உடைத்தால் ஒன்றாம் வகுப்புக்கு எண்ண விதை கிடைத்தது.

ஒன்று மட்டும். சுண்ணாம்பு அடித்த செங்கல், பெயர்ப்பலகை எல்லாம் அதிகாரி வரும் நாளுக்கான தோட்டம். அதில் காசைப் போடாதீர்கள்.

அன்னக்கரண்டி:
நான் சத்துணவு அமைப்பாளர். ரெண்டு சென்ட் கீரை தினமும் வராது டீச்சர். வாரத்தில் ஒரு நாள் என்று வைத்து முன்னாடியே எங்களிடம் சொல்லிடுங்க. அன்றைக்கு சாம்பாரில் போடாமல் பருப்போடு கடைஞ்சிடுவோம், எதை ஒதுக்குவாங்க? ஆய்வது பிள்ளைகள் வேலை. பரிமாறும்போது “இது மூணாம் வகுப்பு ஆய்ஞ்ச கீரை” என்று சத்தமாகச் சொல்வேன். அப்புறம் பாருங்க, அந்த வகுப்பு இரண்டாம் தடவை கேட்கும். கைகழுவுற தண்ணியைக் கீரைக்குத் திருப்பாதீங்க, வாழைக்குப் போகட்டும்.

ஆத்தங்கரை:
நேரம் கிடைத்தால் பிள்ளைகள் தின்கிற நொறுக்கை வைத்து இதையும் செய்யுங்கள். அஞ்சு ரூபாய் பாக்கெட் நொறுக்கையும் வேகவைத்த சுண்டலையும் கட்டம்போட்ட கணக்கு நோட்டுத் தாளில் தனித்தனியாக வைத்து அழுத்துங்கள். ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய்த் தடம் எத்தனை கட்டம் என்று பிள்ளைகளே எண்ணட்டும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

“படிக்க அனுப்பினால் மண்வெட்டி கொடுக்கிறாங்க” என்று பெற்றோர் கிளம்புவார்கள். அதனால் கொத்துகிற வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள். பையன்கள் மண்ணுக்கு, பெண்பிள்ளைகள் கூட்ட என்று பிரிக்காமல், எல்லா வேலையும் எல்லாருக்கும் முறைவைத்து வரட்டும்.

செவக்காட்டு டீச்சர்:
சரி, சிறுகீரையும் வெண்டையும்தான். சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடக்கிறதே, ஆட்டுக்கு என்ன செய்வது?

பழைய வாத்தியார்:
முள்ளில்லாத கிளுவையில் கிளை வெட்டி, போத்தாக வரிசையாய் நடுங்கள். ஆடு தழையைக் கடிக்கும், ஆனால் வேலி நிற்கும். வேர் பிடிக்கும் வரை பழைய மீன்வலை கட்டுங்கள். முள் மட்டும் வேண்டாம், பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடுகிற இடம்.