பாளை சொந்தங்கள் குழு: குட்டி ஹைப்ரிட்டுக்குக் காத்திருக்கலாமா?

இசக்கி (காலை 7:12): அத்தான், லெக்ஸஸ்ல (டொயோட்டாவோட சொகுசு கார் பிராண்டு) ஒரு குட்டி ஹைப்ரிட், அதான் பெட்ரோல் எஞ்சினும் கரண்டு மோட்டாரும் சேந்த வண்டி, இந்தியாவுக்கு வரப்போவுதுன்னு நேத்துலேர்ந்து ஒரு வீடியோ சுத்துது. பாத்தியளா? தீவாளி வரை பொறுத்துப் பாக்கலாமான்னு யோசிக்கேன்.

பேச்சிமுத்து அத்தான்: பாத்தேன் மாப்ள. அதுல காட்டுதது எல்பிஎக்ஸ். 2023 ஜூன்லயே வெளிநாட்டுல காட்டுன வண்டி. கம்பெனிக்காரன் வெலையும் தேதியும் சொல்லாத வரைக்கும் அது வதந்திதான். முன்பணம்னு எவன் கேட்டாலும் குடுத்துராத.

கோமதி அக்கா: இதுக்கு முன்னால அவங்க விட்ட குட்டி ஹைப்ரிட் சி.டி. 200எச். 2010 மார்ச், ஜெனீவா கண்காட்சி. 1.8 லிட்டர், நாலு சிலிண்டர், மோட்டாரோட சேத்து 136 குதிரைத்திறன். அது 2022ல நின்னு போச்சு. எல்பிஎக்ஸ் 1.5 லிட்டர், மூணு சிலிண்டர், இதுவும் 136தான். சி.டி. அசல் ஹேட்ச்பேக், டிக்கி தனியா பின்னால நீட்டாத குட்டி கார். எல்பிஎக்ஸ் உசரம் கூட்டுன வண்டி. நம்ம ரோட்டுக்கு உசரம் நல்லதுதான்.

சுடலைமுத்து பெரியப்பா: மூணு சிலிண்டருக்கா ஏல இம்புட்டு ரூவா?

பேச்சிமுத்து அத்தான்: மாமா, சிலிண்டர எண்ணாதீய. வண்டிய நிப்பாட்டுன எடத்துலேர்ந்து தள்ளுதது மோட்டார். எஞ்சின் பெறவுதான் கூடச் சேரும். அதனாலதான் சின்ன எஞ்சினே போதும்.

கோமதி அக்கா: ரூவா எங்க போவுதுன்னா வரியில பெரியப்பா. 2025 செப்டம்பர் 22லேர்ந்து பெட்ரோல் ஹைப்ரிட்டு 4 மீட்டருக்குள்ளயும் 1200 சிசிக்குள்ளயும் இருந்தா ஜிஎஸ்டி 18 சதம். ரெண்டுல ஒண்ணு தாண்டுனாலும் 40. எல்பிஎக்ஸ் நீளம் 4190 மில்லி, ரெண்டையும் தாண்டிருச்சு. முழு வண்டியா கப்பல்ல வந்தா சுங்க வரி தனி. அதுக்கு மேல நம்ம மாநில சாலை வரி, 20 லட்சத்துக்கு மேல போனா 20 சதம்.

சுடலைமுத்து பெரியப்பா: வரிய வாங்குனா வண்டி இனாம்னு சொல்லு.

இசக்கி: பெட்ரோல்ல மிச்சம் புடிச்சிரலாம்லா?

பேச்சிமுத்து அத்தான்: கணக்கு போட்டுப் பாரு. லிட்டர் 100 ரூவான்னு வச்சுக்க. வருசம் 12,000 கிலோமீட்டர். சாதா பெட்ரோல் வண்டி 15 குடுத்தா 800 லிட்டர், 80,000 ரூவா. ஹைப்ரிட் 22 குடுத்தா 545 லிட்டர், 54,500. மிச்சம் 25,500. ஹைப்ரிட்டுக்குன்னு 3 லட்சம் கூடக் குடுத்திருந்தா அது திரும்பி வர 12 வருசம் ஆவும். வருசம் 24,000 ஓட்டுனா 6 வருசம். நீ ஓட்டுதது எம்புட்டு?

இசக்கி: ஆபீசு வீடுதான். எப்பவாவது மதுர.

பேச்சிமுத்து அத்தான்: ஆபீசு வீடுன்னா லாபம் உண்டு. ஜங்ஷன், வண்ணார்பேட்டை, சமாதானபுரம்னு நின்னு நின்னு போற எடத்துலதான் ஹைப்ரிட் சம்பாதிக்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் கொஞ்சம் கரண்ட எடுத்து வச்சுக்கிடும். மதுர நாலு வழிச்சாலையில 100ல போனா பிரேக்கே இல்ல, எடுத்து வைக்க ஒண்ணுமில்ல. நாரோயில் பக்கம் முப்பந்தல் காத்து எதுத்து அடிச்சா இன்னும் மோசம்.

அந்த பேட்டரிய பேங்குன்னு நெனைக்காத, உண்டியல். சி.டி.யில இருந்தது கரண்டு பில் கணக்குல 1.3 யூனிட்டு. அத வச்சுக்கிட்டு கரண்டுல மட்டும் ஓட்டுனா ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர்தான் போவும்.

கோமதி அக்கா: இசக்கி, குலவணிகர்புரம் ரயில்வே கேட்டுல நிக்கும்போது நீ என்ன செய்வ?

இசக்கி: நியூட்ரல்ல போட்டுட்டு ஏசிய ஓடவிடுவேன்.

கோமதி அக்கா: அதத்தான் செய்யக் கூடாது. இந்த வகை ஹைப்ரிட்டுல நியூட்ரல்ல போட்டா ஜெனரேட்டர் சார்ஜ் ஏத்தாது. ஏசி கம்ப்ரஸர் ஓடுதது பேட்டரி கரண்டுல. கேட்டு தொறக்கதுக்குள்ள உண்டியல் காலியாயிரும். பார்க்கிங்ல போடு, இல்லன்னா ஓட்டுத கியரு டி-யிலயே வச்சு பிரேக்க மிதிச்சுக்க. சார்ஜ் கொறஞ்சா எஞ்சின் தானா எந்திச்சு ஏத்திட்டுத் திரும்ப அணைஞ்சிரும். சத்தம் வருதேன்னு பயந்துராத.

செல்லம்மா சித்தி: எல்லாஞ் சரி. டிக்கியில 25 கிலோ அரிசி மூட்ட ரெண்டு வைக்க எடம் இருக்கா?

பேச்சிமுத்து அத்தான்: அத்தை கேட்டதுதான் கேள்வி. ஹைப்ரிட்டுல பேட்டரி எங்கனயாவது உக்காரணும்லா. சி.டி.யில டிக்கி தளத்துக்குக் கீழ. இங்கன விக்குத டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டுலயும் டிக்கிப் பக்கந்தான், தளம் உசந்துரும். எல்பிஎக்ஸ்ல பின் சீட்டுக்குக் கீழ, அதனால டிக்கி தப்பிச்சிருச்சு.

மூட்டைய எங்கன வைக்கீயங்கிறதுலதான் வெனையே. பேட்டரிக்குக் காத்து வெளியிலேர்ந்து வராது. நாம உக்காந்திருக்க எடத்துக் காத்தத்தான் ஒரு சின்ன ஃபேன் இழுக்கும். பின் சீட்டு ஓரத்துல, இல்ல சீட்டுக்கு அடியில, கைப்புடி அகலத்துல ஒரு சல்லட மூடி இருக்கும். அதுல மூட்ட சாஞ்சா பேட்டரிக்கு மூச்சு முட்டும். தவிடு, துணிப் பஞ்சு, நாய் முடி எல்லாம் உள்ள போயி ஃபேன் இறக்கையில அப்பிக்கிடும்.

மொதல்ல பின்னாலேர்ந்து "உய்ய்"னு ஃபேன் சத்தம் கூடும். பெறவு கரண்டுல ஓடுதது கொறையும், மைலேஜ் எறங்கும், கடைசியிலதான் எச்சரிக்க வெளக்கு. பேட்டரிக்குள்ள அடுக்கி வச்ச செல்லுகள்ல நடு செல்லுக்குத்தான் சூடு அதிகம், மொதல்ல சாவுததும் அதுதான்.

செல்லம்மா சித்தி: அத நாமளே சுத்தம் பண்ணலாமா?

பேச்சிமுத்து அத்தான்: மூடிய கழத்தி, பின்னால இருக்க வலைய பழைய பல்லு பிரஷ்ல தட்டலாம், வேக்குவம் வைக்கலாம். மாசம் ஒரு தடவ போதும். அதுக்கு உள்ள ஃபேன் வரை போவணும்னா சர்வீஸ் சென்டருதான். ஆரஞ்சு கலர் வயரு எங்க தெரிஞ்சாலும் கைய எடுத்துருங்க. சி.டி.யில 200 வோல்ட்டு.

இன்னொண்ணு, அக்னி வெயில்ல ஏசிய அணைச்சுட்டு கண்ணாடிய எறக்கி ஓட்டுதது சிக்கனம் இல்ல. உள்ள 42 டிகிரின்னா பேட்டரிக்குப் போறதும் அதே 42தான்.

இசக்கி: பேட்டரி போனா?

கோமதி அக்கா: இங்கன விக்குத டொயோட்டா ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருசம், இல்லன்னா 1,60,000 கி.மீ. உத்தரவாதம். ஆனா அடிக்கடி காலை வாருதது பெரிய பேட்டரி இல்ல, குட்டி 12 வோல்ட்டு. அது எஞ்சின சுத்தாது, கம்ப்யூட்டர எழுப்பத்தான். அது இறங்கிட்டா பெரிய பேட்டரி நெறையா இருந்தும் வண்டி பொணம் மாதிரி கெடக்கும். மூணு வாரம் வெளியூரு போனா யாரையாவது வாரம் ஒருக்கா வண்டிய ஆன் பண்ணி, மீட்டர்ல "ரெடி" வெளக்கு எரிய அரைமணி நேரம் வைக்கச் சொல்லு.

சுடலைமுத்து பெரியப்பா: பக்கத்து வீட்டு லோடு வண்டி நின்னு போச்சுன்னா வயரு குடுத்து எழுப்பலாமா?

கோமதி அக்கா: கூடவே கூடாது பெரியப்பா. அந்தக் குட்டி பேட்டரிக்கு அம்புட்டு வலு கெடயாது. வாங்கிக்கிடலாம், குடுக்கக் கூடாது.

பேச்சிமுத்து அத்தான்: ஸ்டெப்னியும் கேளு மாப்ள. ஹைப்ரிட்டுல பலதுக்கு ஸ்டெப்னி கெடயாது, பசை டப்பாவும் காத்தடிக்க மெஷினுந்தான். உடைமுள்ளு டயரோட தரையில படுத பக்கத்துல குத்துனா பசை அடைச்சிரும். பக்கச் சுவரு கிழிஞ்சா அடைக்காது. 18 அங்குல ரிம்முக்கு டயரு சப்பட்டையா இருக்கும், குழியில விழுந்தா கிழியுததே பக்கச் சுவருதான். சின்ன ரிம் கெடச்சா அதையே வாங்கு, அழகுக்கு வாங்காத.

இசக்கி: ஆரியங்காவு இறக்கத்துல எப்பிடி?

பேச்சிமுத்து அத்தான்: மொதல்ல சந்தோசமா சார்ஜ் ஏறும். உண்டியல் நெறஞ்ச பெறவு புடிச்சு வைக்க எடமில்ல. அப்ப கியருல "B"-யில போடு (பார்க்கிங் "P" இல்ல), எஞ்சின் சும்மா சுத்தி வண்டிய இழுத்துப் புடிக்கும். இரைச்சல் வரும், அது கோளாறு இல்ல. இன்னொண்ணு, பிரேக் கட்ட கொறச்சுத் தேயும்னு மெச்சிக்கிடாத. திருச்செந்தூர் பக்கம் உப்புக் காத்துல தேயாத டிஸ்க்கு துரு புடிக்கும், பிரேக் கட்டைய அமுக்குத காலிபரோட பின்னு இறுகும். வருசம் ஒருக்கா கழத்தி கிரீஸ் போடணும்.

செல்லம்மா சித்தி: 2023 டிசம்பர் மாதிரி ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள வந்தா?

கோமதி அக்கா: நனைஞ்ச வண்டியில பட்டன அமுக்கவே கூடாது சித்தி. உள்ள தண்ணி சீட்டு மட்டத்துக்கு வந்திருச்சுன்னா பேட்டரி வரை போயிருக்கும். காப்பீட்டுக்காரனுக்கு போட்டோ அனுப்பிட்டு, தூக்கிட்டுப் போற லாரிய வரச் சொல்லணும். கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. முன் சக்கரம் சுத்துனா மோட்டாரும் சுத்தி கரண்டு உண்டாவும்.

இசக்கி: அப்ப காத்திருக்கவா, வேண்டாமா?

பேச்சிமுத்து அத்தான்: வீடியோவ நம்பி காத்திருக்காத. சனிக்கெழம ஷோரூம்ல ஒரு ஹைப்ரிட்ட எடுத்து ரயில்வே கேட்டு வரைக்கும் ஓட்டிப் பாரு. வண்டிய வாங்கணும்னு இல்ல, ஓட்டுத பழக்கம் ஒத்துவருதான்னு தெரியும். பின் சீட்டு மெத்தைய தூக்கிக் காட்டச் சொல்லு, சல்லட எங்கன்னு வெரல வச்சுத் தொட்டுப் பாரு. விக்க வந்தவனுக்கே தெரியலன்னா அந்தக் கடையில சர்வீஸ் எப்பிடி இருக்கும்னு நீயே பாத்துக்க.

இசக்கி: சரி அத்தான். போட்டோ போடுதேன்.

செல்லம்மா சித்தி: டேப்பு எடுத்துட்டுப் போ. 25 கிலோ மூட்ட படுக்க வச்சா எம்புட்டு வருதுன்னு வீட்டுலயே அளந்துக்க.