காரைக்கால் பத்திரம்: பிரெஞ்சுச் சட்டமொழி அறிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். காரைக்காலில் 1938இல் நோட்டரி முன்னிலையில் தாத்தா எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தை ஆங்கிலத்தில் கேட்கிறார் இங்குள்ள எங்கள் வழக்கறிஞர். வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற தடைப் பகுதிதான் தலைவலி. அதன் முடிவில் 'ஆ பென் த நுல்லித்தே' என்று வருகிறது. மீறினால் செல்லாது என்று பொருள். யாருக்குச் செல்லாது? பிரெஞ்சுச் சட்டத்தில் செல்லாமை இருவகை: சம்பந்தப்பட்ட எவரும் நீதிமன்றத்தில் கிளப்பக்கூடியது ஒன்று, பாதுகாக்கப்படுபவர் மட்டுமே கிளப்பக்கூடியது மற்றொன்று. ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இன்னொன்று, பெரிய தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் 'அன்தெர்தி' என்று இருக்கிறது. மனநலம் குன்றியதால் சொத்தை நிர்வகிக்கக்கூடாது என்று நீதிமன்றம் விலக்கிவைத்தவரைப் பழைய சிவில் சட்டம் அப்படித்தான் குறிப்பிடும். மொழிபெயர்ப்புச் செயலியோ அவரைத் தடைசெய்யப்பட்ட பொருளாக்கிவிட்டது! கடத்தல் சிகரெட்டா அவர்?

சிங்கப்பூரிலோ புதுச்சேரியிலோ இரு சட்டமொழிகளும் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள். கடைசி வரியின் மேல் முத்திரை விழுந்திருக்கிறது, மற்றவை தெளிவு. பெயர்களை மறைத்துப் படியை அனுப்புகிறேன். கட்டணம் உண்டு, இலவசமாகக் கேட்கவில்லை.