கருப்பு வண்டிக்கு வீட்டிலேயே பாலிஷ்: கை வைக்கலாமா, கூடாதா?

பஞ்சுமில் ரோடு (பல்லடம்):
எல்லோருக்கும் வணக்கமுங்க. ஆறு வருடம் ஓடிய கருப்பு செடான் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். இன்ஜின் நன்றாக இருக்கிறது, மேல் பூச்சுதான் பார்க்கச் சகிக்கவில்லை. வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது. கதவிலும் டிக்கியிலும் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டு. வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். கடையில் கேட்டால் மெஷின் பாலிஷ், அதன் மேல் செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சு என்று சேர்த்துப் பெரிய தொகை சொல்கிறார்கள். ஆயுத பூஜைக்குள் வண்டி பளிச்சென்று ஆக வேண்டும். ரப்பிங் காம்பவுண்ட் ஒரு டப்பா வாங்கி நானே தேய்த்துவிடலாமா?

பெயிண்டர் அண்ணன் (கணபதி, கோவை):
வேண்டாம் தம்பி. டிங்கரிங் பட்டறையில் பெயிண்ட் வேலையே பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தகட்டின் மேல் பிரைமர், அதற்கு மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 130 மைக்ரான்தான் வரும். அதில் கிளியர் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்கு 1000 மைக்ரான் என்றால் எவ்வளவு மெல்லியது என்று நீங்களே பாருங்கள். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சரக்கு அந்தக் கிளியரில்தான் கலந்திருக்கிறது.

வருடா வருடம் ஆயுத பூஜைக்கு ரப்பிங் போட்டுத் தேய்த்த வண்டிகள், ரூஃபிலும் பானட்டிலும் தோல் உரிந்து வெளுத்துப்போய் எங்களிடம் வருகின்றன. அந்த நிலைக்கு வந்த பிறகு எந்தப் பாலிஷும் உதவாது. பேனலை உரசி மறுபடி அடிப்பது ஒன்றுதான் வழி. உங்களுடையது கைமாறி வந்த வண்டி. முன்பு வைத்திருந்தவர் எத்தனை முறை தேய்த்தார் என்று யாருக்குத் தெரியும்?

ஞாயிறு வாளி (சூலூர்):
அண்ணா சொல்லும் மைக்ரான் கணக்கு சரி. அதிலிருந்து 'வீட்டில் கையே வைக்காதே' என்று முடிப்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

காம்பவுண்டில் இருப்பது முரட்டுப் பொடி, கிளியரை வெட்டும். ஃபினிஷிங் பாலிஷில் இருப்பது நைஸான பொடி. அதைக் கையால், ஃபோம் பேடில் வைத்துத் தேய்த்தால் போகிற கிளியர் மிகச் சொற்பம். வேக்ஸ் எதையும் வெட்டாது, மேலே ஒரு படலமாக உட்காரும், அவ்வளவுதான். சுழன்று தேய்க்கும் ரோட்டரி பாலிஷ் மெஷினைப் பழக்கமில்லாதவர் பிடித்தால் சூடேறி ஓரங்களில் பெயிண்டே போய்விடும். அதற்குப் பயப்படுவது நியாயம். அந்தப் பயத்தைக் கையால் போடும் நைஸ் பாலிஷ் மேல் ஏற்றுவது சரியில்லை.

பானட்டில் இருக்கும் வட்டக் கீறல் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லையே? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசியில் ஆரம்பித்து ஆவணி தாண்டியும் அடிக்கிற ஊர் பல்லடம். சும்மாவா அங்கே அத்தனை காற்றாலை நிற்கிறது? அந்தக் காற்றில் ராத்திரி முழுக்க மண் படிகிறது. காலையில் எழுந்ததும் உலர்ந்த துணியால் வட்டமாகத் துடைக்கிறோம். மண்ணை வைத்து நாமே உப்புத்தாள் போடுகிற வேலை அது. வருடத்துக்கு ஒரு பாலிஷால் போகும் கிளியரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறோம், தினமும் நடக்கும் இந்த உரசலைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. துடைப்பதை நிறுத்தாமல் கடையில் எவ்வளவு கொட்டினாலும் மூன்றே மாதத்தில் அதே கீறல் திரும்ப வரும்.

பனியன்காரன் (திருப்பூர்):
துணி சரியில்லை என்றால் கீறத்தான் செய்யும். நல்ல காட்டன் பனியன் துணியில் துடைத்தால் ஒன்றும் ஆகாது. எங்கள் ஊரில் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் அதுதான் ஓடுகிறது. பாலியஸ்டரில் செய்த மைக்ரோஃபைபரை இத்தனை விலை கொடுத்து வாங்கச் சொல்வது வியாபாரம்.

ஞாயிறு வாளி (சூலூர்):
ஒர்க்‌ஷாப்பில் ஓடுவது கிலோக் கணக்கில் வரும் பனியன் வேஸ்ட்டுங்க. கிரீஸ் துடைக்க அதைவிட நல்லது கிடையாது. பெயிண்ட் மேல் வைக்கத்தான் ஆகாது. அதில் ஓவர்லாக் தையல் இருக்கும், எலாஸ்டிக் இருக்கும், பிரிண்ட் அடித்துக் காய்ந்து கெட்டியான துண்டு இருக்கும். நூறு துண்டில் ஒரு துண்டின் தையல் போதும், கருப்பு பானட்டில் கோடு இழுக்க. மைக்ரோஃபைபர் இழையை மிக மெல்லியதாகப் பிளந்து நெய்கிறார்கள். மண் துகள் அந்த இழைகளுக்குள் போய் உட்காரும், மேலே நின்று உரசாது.

பனியன்காரன் (திருப்பூர்):
வேஸ்ட் மூட்டையை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. பிரிண்ட் இல்லாத, தையல் இல்லாத, இரண்டு முறை அலசிய வெள்ளை சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதா பனியன் துணி. சுத்தமாகக் கழுவிய வண்டியில் வேக்ஸை எடுப்பதற்கு அது தாராளமாகப் போதும். மைக்ரோஃபைபர் வாங்குபவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்றும் பார்க்கிறேன். மற்றத் துணிகளோடு மெஷினில் போட்டு, துணியை மிருதுவாக்கும் கம்ஃபர்ட் ஊற்றி, பஞ்செல்லாம் ஒட்டிக்கொண்ட பிறகு அதையே வண்டியில் தேய்க்கிறார்கள். ஒருமுறை தரையில் விழுந்ததை உதறிவிட்டு மறுபடி துடைப்பார்கள். அதற்கு எங்கள் துணி எவ்வளவோ மேல்.

ஞாயிறு வாளி (சூலூர்):
கம்ஃபர்ட் விஷயத்தில் உங்கள் கட்சிதான். அது இழையை அடைத்துவிடும். கழுவிய வண்டியில் வேக்ஸ் எடுக்க நீங்கள் சொன்ன துணியை ஒத்துக்கொள்கிறேன். ஈரம் துடைக்கவும் தூசி எடுக்கவும் மாட்டேன்.

ஆறு சக்கரம் (நாமக்கல்):
இவ்வளவு சண்டை எதற்கு? லாரி கேபினுக்கு நாங்கள் டீசல் நனைத்த துணியால்தான் துடைக்கிறோம். பளபளவென்று இருக்கும். தண்ணீர்த் திட்டும் தெரியாது.

பெயிண்டர் அண்ணன் (கணபதி, கோவை):
அது எண்ணெய்ப் பளபளப்பு. கீறலுக்குள் எண்ணெய் நிற்பதால் மறைந்த மாதிரி தெரியும். சாயங்காலத்துக்குள் ரோட்டுப் புழுதி முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை துடைக்கும்போது அந்தப் புழுதியே கீறும். கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கும் ஊறிக் கெட்டுப்போகும். தார் ஒட்டியிருந்தால் துளி மண்ணெண்ணெயில் அந்த இடத்தை மட்டும் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிடலாம். அதற்கு மேல் வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் சூலூர்க்காரரும் நானும் ஒரே பக்கம்தான் இருப்போம் என்று நினைக்கிறேன்.

தோப்புக்காரி (பொள்ளாச்சி):
தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன். அந்த வெள்ளைத் திட்டு அழுக்கு அல்ல, போர்வெல் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். வெயிலில் கழுவினால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் பேனலில் தங்கிவிடும். பிறகு சூட்டில் இறுகிக் கிளியரையே அரிக்கும். பலர் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வண்டி கழுவுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு இன்னும் கூடுதல். அதைப் பாத்ரூமுக்கு ஊற்றுங்கள்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சுத்தமான வாளியில் பிடித்து வையுங்கள். அதில் உப்பு அநேகமாக இருக்காது. போர்வெல் தண்ணீரில் கழுவிய பிறகு கடைசி அலசலுக்கு அதை ஊற்றி, உடனே துண்டால் ஒற்றி எடுங்கள். உப்பு குறைவான சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு என்றால் இந்தக் கவலையே இல்லை. இப்போது இருக்கும் திட்டுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில், ஆறிய பேனலில் துணியால் ஒரு நிமிடம் வைத்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள். பாதித் திட்டு அதிலேயே போகும். போகாததுக்குத்தான் பாலிஷ்.

இன்னொன்று, மயில். எங்கள் பக்கம் தோப்புக்குத் தோப்பு மயில்தான். கருப்பு வண்டியைப் பளபளவென்று ஆக்கி வாசலில் நிறுத்தினால், கதவில் தன் உருவத்தைப் பார்த்து வேறு மயில் என்று கொத்தும். அந்தக் கொத்து எந்தப் பாலிஷிலும் போகாது. பாலிஷ் போட்ட கையோடு ஒரு கவரும் வாங்கிக்கொள்ளுங்கள், கழுவிய வண்டிக்கு மட்டும் மாட்டுங்கள். தூசி வண்டிக்கு மாட்டினால் காற்றில் கவரே உரசும். பறவை எச்சம் விழுந்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டுத் தூக்கி எடுங்கள். அதையும் அன்றைக்கே செய்ய வேண்டும், ஏனென்றால் அதில் இருக்கும் அமிலம் பெயிண்டில் தடம் வைத்துவிடும்.

பஞ்சுமில் ரோடு (பல்லடம்):
அக்கா, ரொம்ப நன்றிங்க. ஆர்.ஓ. தண்ணீர் விஷயம் எங்கள் வீட்டுக்குச் சொன்ன மாதிரியே இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். கழுவிக் காயவைத்த பிறகும் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது. பின் கதவில் ஒரு நீளக் கோடு, நகம் மாட்டுகிறது. டூத்பேஸ்ட் போட்டால் போகும் என்கிறார்கள், போகுமா?

பெயிண்டர் அண்ணன் (கணபதி, கோவை):
நகம் மாட்டினால் கோடு கிளியரைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். பேஸ்ட்டிலும் போகாது, பாலிஷிலும் போகாது. அந்தக் கோட்டில் மட்டும் பெயிண்ட் வைத்து டச்சப் செய்ய வேண்டும். பேஸ்ட் வெறும் பொடிதான், மினுக்கத்தை மங்கடித்துவிட்டுப் போகும்.

சொரசொரப்பு என்பது ஒட்டிக்கொண்ட துகள். எங்கள் ஏரியாவில் ஃபவுண்டரியும் கிரைண்டிங் வேலையும் அதிகம், இரும்புத் தூள் பறந்து வந்து பெயிண்டில் குத்தி நிற்கும். வெள்ளை வண்டியில் சின்னச் சின்னத் துருப்புள்ளியாகத் தெரியும். கருப்பில் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். அயர்ன் ரிமூவர் அடித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். காயவிடாமல் கழுவ வேண்டும். மிச்சத்துக்குக் கிளே பார், ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி.

ஞாயிறு வாளி (சூலூர்):
பார்த்தீர்களா, அண்ணாவே வீட்டு வேலையைச் சொல்லித் தருகிறார்! கிளேயை ஷாம்புத் தண்ணீரில் நன்றாக வழுக்கவிட்டு, அழுத்தாமல், நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், மண்ணோடு மறுபடி வைக்காதீர்கள். கழுவும்போது இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பேனலுக்கும் கழுவும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும். ரூஃபில் ஆரம்பித்து, மண் அதிகம் இருக்கும் கீழ்ப்பகுதியைக் கடைசியில். பாத்திரம் துலக்கும் சோப்பு எப்போதும் வேண்டாம், இருக்கிற வேக்ஸையும் எடுத்துவிடும்.

பிறகு பானட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தை மட்டும் டேப் ஒட்டிப் பிரித்து, நைஸ் பாலிஷைக் கையால் போட்டுப் பாருங்கள். அது திருப்தியாக இருந்தால் மற்ற இடம். செராமிக்குக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. கீறலை நீக்காமல் மேலே அதைப் பூசினால் கீறல் அடியிலேயே நிற்கும். போர்வெல் திட்டும் அதன் மேல் விழத்தான் செய்யும்.

பெயிண்டர் அண்ணன் (கணபதி, கோவை):
செராமிக் எல்லாருக்கும் தேவை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் வெயிலிலேயே நிற்கிற வண்டிக்கு வேக்ஸ் சில வாரம்தான் தாங்கும். மாதாமாதம் வேக்ஸ் போடுகிற பொறுமை பத்தில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. பொறுமை இல்லாதவருக்குக் கோட்டிங் நல்லது. கழுவுவதும் சுலபமாகும்.

நைஸ் பாலிஷ் என்றாலும் பானட் ஓரத்திலும் கதவு மடிப்பிலும் தேய்க்காதே தம்பி. அங்கே பெயிண்ட் மற்ற இடத்தைவிட மெல்லிசு. டேப் ஒட்டி மறைத்துவிடு. தேய்க்கும் துணியில் கருப்பு ஏறினால் உடனே நிறுத்து. கிளியர் இருக்கும் வண்டியில் கலர் துணிக்கு வரக் கூடாது. வந்தால் கிளியர் போய்விட்டது, இல்லையென்றால் யாரோ கிளியர் இல்லாத பெயிண்டை அடித்திருக்கிறார்கள்.

வீட்டில் செய்வதை நான் தடுக்க முடியாது, அளக்காமல் செய்வதைத்தான் வேண்டாம் என்கிறேன். எங்களிடம் பெயிண்டின் தடிமனை அளக்கும் கேஜ் இருக்கிறது. ஒவ்வொரு பேனலிலும் வைத்துப் பார்த்தால், எங்கே கம்பெனி பெயிண்ட், எங்கே பட்டி பூசி மறுபடி அடித்தது என்று எண்ணே சொல்லிவிடும். பம்பர் பிளாஸ்டிக், அதில் மட்டும் இந்தக் கேஜ் வேலை செய்யாது.

ஞாயிறு வாளி (சூலூர்):
அளப்பதை நானும் வழிமொழிகிறேன். எண் நன்றாக வந்தால் கையால் செய்யவிடுங்கள், மெஷினுக்கு இழுக்காதீர்கள்.

பஞ்சுமில் ரோடு (பல்லடம்):
அப்படியே செய்கிறேன். அண்ணா, வருகிற சனிக்கிழமை கணபதி பக்கம் வந்தால் அளந்து தருவீர்களா? அன்றைக்கே அயர்ன் ரிமூவரும் கிளேயும் வாங்கிக்கொள்கிறேன். காம்பவுண்ட் டப்பா வாங்கவில்லை.

பெயிண்டர் அண்ணன் (கணபதி, கோவை):
வா தம்பி. காலையில் பெயிண்ட் அடிக்கும் பூத்தில் வேலை இருக்கும், மதியத்துக்கு மேல் வா. வண்டியைக் கழுவிக்கொண்டு வா. மண்ணோடு இருந்தால் கேஜை வைக்க மாட்டேன்.