குட்டி போர்ப் படகு மேல ஏன் இவ்ளோ கிறுக்கு?

அலைஓசை:
ரொம்ப நாள் டவுட்டு. போர்க்கப்பல் பத்திப் பேசுற எந்த எடத்துக்குப் போனாலும் பேட்டில்ஷிப், கேரியர்னு ஒரு கூட்டம் இருக்கும், அது புரியுது. ஆனா இன்னொரு கூட்டம் இருக்கு, பிடி போட் (தண்ணிக்குள்ள ஓடிப் போயி வெடிக்கிற டார்பிடோ விடுற அமெரிக்கப் படகு), எஸ்-போட் (அதே மாதிரி ஜெர்மன் படகு), மிசைல் போட்னு அதுலயே விழுந்து கெடக்குறாங்க. நான் படிச்ச வரைக்கும் இதுல பாதி மரத்துல செஞ்சது, மெஷின்கன் குண்டு பட்டாலே ஓட்டை, கடல் கொஞ்சம் கொந்தளிச்சா கரையிலயே கெடக்கணும், விட்ட டார்பிடோ பாதி எங்க போச்சுன்னே தெரியாது. அப்படி என்னதான் இருக்கு இதுல? கிண்டல் இல்ல, நெசமாவே கேக்குறேன். வேகம் மட்டும்தானா?

மூணு_பேக்கார்டு:
வேகம்தான் மொதல்ல இழுக்கும் பாஸ், அதுல வெக்கம் என்ன. ஆனா 40 நாட்னு பேப்பர்ல படிக்கிறது வேற. மணிக்கு 74 கிலோமீட்டர் சொச்சம், ரோட்ல அது ஒண்ணுமே இல்ல, தண்ணியில அது எவ்ளோ கஷ்டம்னு தெரிஞ்சாதான் ருசி. சாதாரண கப்பல் தண்ணிய தள்ளிக்கிட்டே போகுது, வேகம் கூடக் கூட தானே உண்டாக்குன அலை மேலயே ஏற வேண்டியிருக்கும், ஒரு கட்டத்துக்கு மேல எவ்ளோ பவர் குடுத்தாலும் வேகம் லேசுல ஏறாது. பிடி போட் மாதிரி படகு அந்த அலையத் தாண்டி மேல ஏறி தண்ணி மேல வழுக்கிட்டுப் போகும். ஆரம்பத்துல மூக்கு வானத்தப் பாக்கும், பின்பக்கம் அமுங்கும், அப்புறம் படக்குனு மூக்கு எறங்கி சமமாகும். பழைய ஃபிலிம்ல அந்த ஒரு செகண்ட் பாத்தீங்கன்னா விட மாட்டீங்க.

எல்கோ கம்பெனியோட 80 அடி படகுல மூணு பேக்கார்டு வி-12, ஒவ்வொண்ணும் 1200 குதிரைத்திறன், ரெண்டாம் உலகப் போருக்கு நடுவுல 1500 வரைக்கும் ஏத்துனாங்க. டேங்க்ல 3000 கேலன் 100 ஆக்டேன் பெட்ரோல், விமானத்துக்கு ஊத்துறது! அதுக்கு மேல உக்காந்துக்கிட்டு சண்டைக்குப் போறாங்க. ராத்திரி பதுங்கிப் போறப்ப எக்ஸாஸ்ட்ட தண்ணிக்குள்ள திருப்பி விட்டு சத்தத்த அடக்குவாங்க, வேகம் எடுக்கணும்னா தொறந்துதான் ஆகணும், தொறந்தா ஊருக்கே கேக்கும்.

இன்னொண்ணு, "பிளைவுட் படகு, மெர்லின் எஞ்சின்"னு எவனாவது எழுதியிருந்தா அதுக்கு மேல படிக்காதீங்க. ரெண்டு அடுக்கு மஹோகனி பலகை, நடுவுல பசையில ஊறுன கேன்வாஸ். எஞ்சினும் பேக்கார்டோட சொந்த டிசைன். பேக்கார்டு மெர்லின்ங்கிற விமான எஞ்சினையும் தயாரிச்சதால ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிறாங்க.

டீசல்காரன்:
மேல சொன்ன 3000 கேலன் பெட்ரோல்தான் எனக்கு ஆகவே ஆகாத விஷயம். ஜெர்மன் எஸ்-போட்ட பாருங்க, கிட்டத்தட்ட 35 மீட்டர் நீளம், மூணு டைம்லர்-பென்ஸ் டீசல், தலா 2000 குதிரை. குண்டு பட்டாலும் பெட்ரோல் மாதிரி குபீர்னு பத்திக்காது. அடிப்பாகம் உருண்டை, வழுக்கிப் போற டைப் இல்ல, அதனால வடகடல் அலையில படகு தடார் தடார்னு அறையாது, ஆனாலும் 40 நாட்ட ஒட்டி ஓடும். எப்படின்னா பின்னாடி நடு சுக்கானுக்கு ரெண்டு பக்கமும் குட்டியா ஒவ்வொரு சுக்கான், வேகமெடுத்ததும் அதுங்கள வெளிப்பக்கமா திருப்புவாங்க, ப்ரொப்பெல்லருக்குப் பின்னாடி ஒரு காத்துப் பை உண்டாகும், பின்பக்கம் அமுங்காது, பின்னாடி எழும்புற அலையும் சின்னதாயிடும். லூர்சன் எஃபெக்ட்னு பேரு, கட்டுன கம்பெனி பேர்தான். இந்த ஒண்ணுக்காகவே எனக்கு அந்தப் படகு புடிக்கும்.

புடிக்கும்னு சொல்றப்பவே ஒண்ணு உறுத்தும், அதையும் சொல்லிடுறேன். 1944 ஏப்ரல் 28 ராத்திரி, நார்மண்டிக்கு ஒத்திகை பாத்துட்டிருந்த அமெரிக்க கப்பல் கூட்டத்துக்குள்ள 9 எஸ்-போட் பூந்துச்சு, இங்கிலாந்து பக்கம் லைம் பே. டேங்க், ஆளுங்கள கரையில எறக்குற கப்பல் (எல்எஸ்டி) ரெண்டு முழுகுச்சு. செத்தவங்க 749னு பொதுவா சொல்வாங்க. டிசைன ரசிக்கலாம், ஆனா அது எதுக்கு கட்டுன டிசைன்னு மறந்துட்டு ரசிக்கிறது எனக்கு சரியாப் படல.

சுண்டைக்காய்:
நீங்க ரெண்டு பேரும் எஞ்சின்லயே நிக்கிறீங்க. கேட்டவருக்கு நேர் பதில், சின்னது பெருச சாய்க்குறதுதான் கிக்கு. 1918 ஜூன் 10, இத்தாலிக்காரர் லூயிஜி ரிட்ஸோ மாஸ்னு சொல்ற ரெண்டு குட்டி டார்பிடோ படகோட போய் ஆஸ்திரியா-ஹங்கேரியோட செண்ட் இஸ்த்வான் கப்பலுக்கு ரெண்டு டார்பிடோ போட்டாரு. 20,000 டன் பேட்டில்ஷிப், அது கவுர்றதே ஃபிலிம்ல இருக்கு. இன்னைக்கும் ஜூன் 10தான் இத்தாலி கடற்படை தினம்.

அதே காலத்து பிரிட்டிஷ் டார்பிடோ படகு சிஎம்பி இன்னும் பைத்தியக்காரத்தனம். டார்பிடோ பின்பக்கம் ஒரு பள்ளத்துல படுத்திருக்கும், அதை வாலு முன்னால போற மாதிரி பின்னாடி தள்ளி விடுவாங்க, தண்ணியில விழுந்ததும் அது படகு போற அதே தெசையில படகுக்குப் பின்னாலயே ஓடி வரும். படகு உடனே ஒதுங்கி வழி விடணும், இல்லன்னா சொந்த டார்பிடோ கையாலயே மோட்சம். இப்படித்தான் 1919ல பிரிட்டிஷ் அதிகாரி அகஸ்டஸ் அகார் க்ரோன்ஷ்டாட் பக்கம் ரஷ்யாவோட ஒலெக் க்ரூசர முழுகடிச்சாரு.

மிசைல் காலத்துக்கு வந்தா 1967 அக்டோபர்ல எகிப்தோட கோமார் மிசைல் படகுங்க போர்ட் சயீத் பக்கத்துல இஸ்ரேலோட எய்லட் டிஸ்ட்ராயர ஸ்டிக்ஸ் மிசைல்ல அடிச்சதுதான் உலகத்தையே திரும்பிப் பாக்க வெச்சுது. 1971 டிசம்பர் 4 ராத்திரி நம்ம நேவி நிபாத், நிர்காட், வீர்னு மூணு ஓசா மிசைல் படகோட கராச்சிக்குப் போச்சு. கரையோரம் காவல் காக்க செஞ்ச படகு, ரேஞ்ச் கம்மி, துணைக்கு கில்டான், கட்சால் ரெண்டு கார்வெட்டு. பாகிஸ்தானோட கைபர் டிஸ்ட்ராயரும் முஹாஃபிஸ் மைன்ஸ்வீப்பரும் முழுகுச்சு. டிசம்பர் 4 நேவி டே ஆனது அதனாலதான்.

அலைஓசை:
சூப்பர், ஆனா ஜெயிச்ச கதையா மட்டும் எடுத்து வெக்கிறீங்களே சார். 1991ல குவைத் பக்கம் பூபியான்ல ஈராக் படகுங்கள ஹெலிகாப்டர் வந்து வரிசையா காலி பண்ணுச்சே? பின்னால அமெரிக்க ஜனாதிபதியான கென்னடியோட பிடி-109ஐ ஜப்பான் டிஸ்ட்ராயர் ரெண்டாக் கிழிச்சிட்டுப் போச்சே?

சுண்டைக்காய்:
ஒத்துக்குறேன். மேல இருந்து பாக்குற கண்ணு வந்தப்புறம் இருட்டும் வேகமும் மட்டும் காப்பாத்தல, பகல்ல மாட்டுனா அவ்ளோதான். பிடி-109 போன அன்னைக்கு 15 பிடி போட் வெளிய போச்சு, ஒரு டார்பிடோ கூட உருப்படியா படல.

பசை_விரல்:
லேட்டா வரேன். நான் மாடல் கட்டுறவன், எனக்கு இந்த ஜெயிச்சது தோத்தது கணக்கெல்லாம் ரெண்டாம்பட்சம். பெரிய கப்பல்ல 2000 பேரு, அதை ஒருத்தனால முழுசா தெரிஞ்சிக்கவே முடியாது. பிடி-109ல அன்னைக்கு மொத்தம் 13 பேரு. யாரு வீல்ல, யாரு எஞ்சின் ரூம்ல, யாரு எந்த கன்ல, எல்லாரையும் பேரோட தெரிஞ்சிக்கலாம். 11 பேரு பொழச்சாங்க, எஞ்சின் ரூம்ல இருந்தவரு மேலெல்லாம் வெந்து வந்தாரு, அவரோட லைஃப் ஜாக்கெட் வார பல்லுல கடிச்சிட்டே கென்னடி நீந்துனாரு. படகுன்னாலே எனக்கு இந்த அளவுதான், முழுசும் மண்டைக்குள்ள அடங்கணும்.

அப்புறம் எந்த ரெண்டு படகும் ஒரே மாதிரி இருக்காது. விழுந்து கெடந்த ஏர்கோப்ரா விமானத்துல இருந்து 37 மிமீ பீரங்கியக் கழட்டி டெக்ல மாட்டுனாங்க. 109லயும் கடைசி ட்ரிப்புக்கு முன்னாடி ஆர்மியோட 37 மிமீ டேங்க் எதிர்ப்பு பீரங்கி ஒண்ண முன்டெக்ல வெச்சு மரக்கட்டை போட்டு கயித்தால கட்டுனாங்க. என் மாடல்ல அந்தக் கயிறு முடிச்சுக்கே ஒரு முழு சாயங்காலம் போச்சு, ஊசி நுனியில பசை தொட்டுத் தொட்டு.

மிச்சமிருக்கிறதும் கொஞ்சம்தான், போர் முடிஞ்சதும் பிலிப்பைன்ஸ் சமார்ல கரையில வரிசையா வெச்சு எரிச்சுட்டாங்க. பிடி-305 தப்பிச்சு பல வேல பாத்து கடைசியில சிப்பி அள்ற படகாச்சு, லைசென்ஸ் விதிக்காக பின்பக்கத்த அறுத்து 65 அடியா ஆக்கிட்டானுங்க, அதைப் பழையபடி 78 அடியா கட்டி மறுபடி தண்ணியில விட்டாங்க நியூ ஆர்லியன்ஸ்ல. அறுத்த எடம் எங்கன்னு பாக்கணும்னு எனக்கு ஒரு ஆசை.

அலைஓசை:
சரி, விழுந்துட்டேன்னு வெச்சிக்கோங்க. மொத கிட் எது வாங்கலாம்?

பசை_விரல்:
1/72 அளவுல (நெசப் படகுல 72ல ஒரு பங்கு) ரெவெல் கம்பெனியோட பிடி-109 போதும், 34 சென்டிமீட்டர்தான் வரும். இத்தாலெரியோட 1/35 எல்கோ இப்பவே வேணாம் தம்பி, 70 சென்டிமீட்டர், மொதல்ல அலமாரிய அளந்து பாத்துக்கோ.

டீசல்காரன்:
எஸ்-போட்ல எஸ்-100ங்கிற வகையும் 1/35ல இருக்கு, ஒரு மீட்டர் கிட்ட வரும். அலமாரிய மாத்துனா ஆச்சு.